காற்று எங்கே?

ரெட்புல் ரக்னரோக் பந்தயத்தின் படங்களைப் பார்க்காதவர்கள் ஒருமுறை தேடிப் பாருங்கள். இடம், நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமி. சராசரியாக 1,100 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாத வெள்ளை வெளி. ஹௌகஸ்டோல் என்ற சிற்றூருக்குப் பக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் காலில் ஸ்கீயோ ஸ்னோபோர்டோ மாட்டிக்கொண்டு, பட்டம் இழுக்க இழுக்க ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். வானம் முழுக்க வண்ணம். பார்த்தவுடன் 'அடேயப்பா' என்று சொல்ல வைக்கும் படங்கள். நானும் சொன்னேன். அதில் ஒன்று பல மாதம் என் கணினித் திரையிலேயே இருந்தது.

பிறகுதான் உறைத்தது. இது காற்றால் நடக்கும் விளையாட்டு. படத்தில் காற்று எங்கே?

காற்று எதையாவது தொட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். மரம் இருந்தால் கிளை வளையும், கடலாக இருந்தால் அலை எழும். இங்கே இரண்டும் இல்லை. மிஞ்சுவது பட்டம், கயிறு, மனித உடம்பு, தரையோடு ஓடும் பனித்தூள். இதில் பட்டம் நம்மை நன்றாக ஏமாற்றும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். அதனால் பலத்த காற்றில் சின்னப் பட்டத்தைத்தான் எடுப்பார்கள். பெரிய பட்டம் பறக்கிறதென்றால் பெரும்பாலும் காற்று மெல்லியது என்று அர்த்தம். அதாவது, நாம் வாய்பிளந்து பார்க்கும் படம் ஒரு சாதுவான நாளின் படமாக இருக்கலாம்!

கேமராவும் இதற்கு உடந்தை. அதன் ஒளிமானி பனியைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். கொஞ்சம் மிஞ்சிவிட்டாலோ பனித்தூள் அந்த வெள்ளையிலேயே கரைந்துவிடும். சூரியன் தாழ்ந்து, எதிரே நிற்கும்போது எடுத்தால் நிலைமை வேறு. தூள் ஒளிர்கிறது. காற்று பனியில் செதுக்கிய வரிகள் நிழலோடு எழுந்து வருகின்றன. அப்படி எடுத்த படங்களில் பட்டம் ஒரு மூலையில்தான் இருக்கும். அதனாலேயே அவை அதிகம் பகிரப்படுவதில்லை என்று நினைக்கிறேன்.

என் குறை அழகின் மேல் இல்லை. ரக்னரோக்கில் ஐந்து சுற்றையும் முடிப்பவர்கள் சிலர்தான். ஆனால் நான் பார்த்த படங்களில் பெரும்பாலானவை தொடக்கக் கோட்டில் எடுத்தவை. டிரோன் மேலே போனதும் மனிதர்கள் பொட்டுகளாகிவிடுகிறார்கள். தோற்றவர்களின் முகத்தைப் பார்க்கவே முடிவதில்லை.

ஒரே ஒரு படம் மனதில் நின்றது. பட்டம் சுருங்கித் தரையில் கிடக்கிறது. கயிறு தொய்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார். காற்று நின்றுவிட்டது, அவ்வளவுதான். காற்றே இல்லாத அந்தப் படத்தில்தான் இவர்கள் எதை நம்பிக் கிளம்பினார்கள் என்பது எனக்குப் புரிந்தது. திரையில் இருந்த பழைய படத்தை அன்றைக்கே மாற்றிவிட்டேன்.