சைக்கிளும் நோட்டும்

பி. சாய்நாத்தின் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிரவுட்' (1996) நூலில், புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் பழகியதைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. இந்த மாதிரி விவரத்துக்காகத்தான் சாய்நாத்தைப் படிக்கிறோம்.

போன பொங்கலுக்கு மண்ணச்சநல்லூரில் அத்தைக்கு அதைத் தமிழில் சொன்னேன். அத்தை அன்னவாசல் பக்கம் பிறந்தவர். அறிவொளியில் ஆனா ஆவன்னா படித்து, என் மாமாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, ரைஸ்மில் களத்தில் இருபது வருஷத்துக்கு மேல் நெல் காயவைத்தவர். முன்கம்பி வந்ததும் சிரித்தார். முடித்ததும், "எல்லாம் சரி தம்பி, நாங்க படிச்சது எங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. அறிவொளி கட்டுரையில் இருக்கிறது, ஆனால் சக்கரம் உருள ஆரம்பித்ததும் சிலேட்டு பின்னால் போய்விடுகிறது. சைக்கிள் ரோட்டில் தெரியும், போட்டோ எடுக்கலாம். வாசிப்பு அப்படியா?

அத்தையிடம் ஒரு நோட்டு உண்டு. தேதி, பேர், மூட்டை, பாக்கி. ஒரு வாரம் கணக்கில் 31 மூட்டை என்றிருந்ததை, நோட்டைக் காட்டி 36 ஆக்கியிருக்கிறார். அதன்பிறகு களத்துப் பெண்கள் எல்லோர் கணக்கும் அந்த நோட்டுக்கு வந்துவிட்டது.

பிரான்சிஸ் கோடியின் 'தி லைட் ஆஃப் நாலெட்ஜ்' (2013) இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அதே புதுக்கோட்டை அறிவொளிதான். கைநாட்டுக்குப் பதில் கையெழுத்துப் போட்டுக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் பெண்களைப் பொறுமையாகப் பார்க்கிறார். நடை கரடுமுரடு, ஆனால் கையெழுத்து வந்தால் விடுதலை வந்துவிடும் என்று நம்பிவிடாத எழுத்து. எனக்கு ஒரே குறை: மனு மேலே போகிற எழுத்து. அத்தையின் நோட்டு பக்கவாட்டில் போகிறது.

அதற்காக அத்தை எல்லாம் படித்துவிடுவார் என்றில்லை. பேங்க் லோன் பேப்பரை இன்னும் என்னிடம்தான் நீட்டுவார். இன்ஜினியரிங் படித்த நானே அதை ரெண்டு தடவை படிக்கணும். எழுதினவன் யாரும் படிக்கணும்னு எழுதலை.

இந்தக் கட்டுரைக்காக நோட்டைக் கேட்டேன். "அதுல மத்தவங்க கடனும் இருக்கு, தரமாட்டேன்" என்றார்.