கன்னிக்காடு என்னும் கற்பிதம்: உயிரினக் கண்டுபிடிப்பும் வனப் பாதுகாப்பும் குறித்த ஒரு நோக்கு

புதிய உயிரினங்களின் கண்டுபிடிப்பைப் பற்றிய எழுத்துக்கள் இன்று தமக்கென ஓர் அமைப்பைப் பெற்றுவிட்டன. மனிதனின் காலடி படாத காடு ஒன்று. அதனுள் நுழையும் ஆய்வாளர் குழுவொன்று. உலகம் அதுவரை அறிந்திராத தவளையோ பறவையோ ஒன்று. ஈற்றில், அக்காட்டை உள்ளவாறே பேணவேண்டும் என்னும் வேண்டுகோள். இவ்வெழுத்துக்களின் நோக்கம் நன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், இவை ஆதாரமாகக் கொள்ளும் கன்னிமை, கண்டுபிடிப்பு, பாதுகாப்பு ஆகிய மூன்று கருத்துக்களும் எத்தகைய சமூக உறவுகளைப் புலப்படுத்துகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பது ஆராயப்பட வேண்டியதாகும். இலங்கை உதாரணங்கள் சிலவற்றின் அடிப்படையில் அதனைச் செய்ய முனைவோம்.

முதலில் 'கன்னிக்காடு' என்னும் சொல்லை நோக்குவோம். பெண்ணை உடைமையாகக் கருதிய சமுதாயம், இன்னும் உடைமையாக்கப்படாத நிலத்துக்கும் அதே அடைமொழியை வழங்கிற்று. முல்லையை ஒரு திணையாக வகுத்துக்கொண்ட நமது இலக்கிய மரபே, காடழித்து ஊர் சமைத்தமையைக் கரிகாலனின் புகழாகப் பட்டினப்பாலையிற் பேசுகின்றது. வேளாண்மையின் விரிவை வேண்டி நின்ற ஒரு காலகட்டத்தின் குரல் அது. அன்று அழிப்பதற்குரியதாகக் கருதப்பட்ட காடு இன்று காப்பதற்குரியதாகக் கருதப்படுகின்றது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால், இரு நோக்குகளிலும் காட்டினுள் மனிதர் இல்லை என்னும் ஒற்றுமை கவனத்துக்குரியது.

சிங்கராஜ வனத்தின் வரலாறு இக்கற்பிதத்தை உடைப்பதற்குப் போதுமானது. 1970களில் ஒட்டுப்பலகை உற்பத்திக்காக இவ்வனத்தின் ஒரு பகுதியில் இயந்திரங்களைக் கொண்டு மரங்கள் வெட்டப்பட்டன. வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராக அப்போதிருந்த திலோ ஹொவ்மன் உள்ளிட்டோர் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். விஞ்ஞானிகளும் பொதுமக்களும் அதனோடு இணைந்தனர். 1977ஆம் ஆண்டளவில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1978இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்காகவும், 1988இல் உலக மரபுரிமைத் தலமாகவும் சிங்கராஜா ஏற்கப்பட்டது. அதே 1988இல் இயற்றப்பட்ட தேசிய மரபுரிமை வனாந்தரப் பிரதேசங்கள் சட்டத்தின் கீழ் அது 'வனாந்தரம்' எனவும் பிரகடனப்படுத்தப்பட்டது. கோடரியும் இயந்திரமும் கண்ட காடு ஏறத்தாழப் பத்தாண்டுகளுள் சட்டத்தின் கண்ணில் வனாந்தரமாயிற்று. எனவே வனாந்தரம் என்பது இயற்கை தந்த நிலை மட்டுமன்று. ஒரு சமூகம் எடுத்த முடிவின் விளைவுமாகும்.

இம்முடிவின் பயனை விஞ்ஞானம் பின்னர் பெற்றது. தீபால் வரக்காகொட 1995இல் கித்துல்கலைக் காட்டில், தாம் அறிந்த எப்பறவைக்கும் உரியதல்லாத ஒரு குரலைச் செவிமடுத்தார். அக்குரலுக்குரிய சிறிய ஆந்தையை 2001ஆம் ஆண்டு சனவரியிற் சிங்கராஜாவில் அவர் நேரிற் கண்டார். 2004இல் அது புதிய இனமாக விபரிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அரபு வணிகர் வழங்கிய 'செரண்டிப்' என்னும் நாட்டுப் பெயரையும், விஞ்ஞானப் பெயரில் ஹொவ்மனின் பெயரையும் அது தாங்கி நிற்கின்றது. காட்டைக் கண்டவரின் பெயரன்று, காட்டை வெட்டாது தடுத்தவரின் பெயரே பறவைக்குச் சூட்டப்பட்டுள்ளது. கண்டுபிடிப்பு நிகழ்ந்த பின்னரே பாதுகாப்பு வரும் என்னும் வழக்கமான வரிசைமுறை இங்கு தலைகீழாகின்றது. எழுபதுகளில் அந்த எதிர்ப்பு எழுந்திராவிடின், 2001இல் அப்பறவையைச் சிங்கராஜாவிற் காணும் வாய்ப்புப் பெரிதும் அருகியிருக்கும்.

இரண்டாவது உதாரணம் சிவனொளிபாத மலைச் சாரலாகும். நமது கிழக்குக் கரை முஸ்லிம் மக்கள் 'பாவா ஆதம் மலை' என வழங்கும் இம்மலையில், பல சமயத்தவரும் பல நூற்றாண்டுகளாக ஏறி வந்துள்ளனர். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவும் அவர்களுள் ஒருவர். யாத்திரிகர் பெருந்தொகையினராகச் செல்லும் இம்மலைக் காட்டிலிருந்துதான், புதர்த்தவளைகளின் எட்டுப் புதிய இனங்கள் 2013இல் விபரிக்கப்பட்டன. 1853இல் கெலாட் விபரித்த பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் காணப்படாதிருந்த ஒரு தவளையினம் 2009இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டதும் இங்கேதான். மனிதன் தொடாத இடத்திலேதான் அரிய உயிர் எஞ்சும் என்னும் கொள்கைக்கு இது நேர்மாறான சான்றாகும்.

மனிதன் என்று பொதுப்படக் கூறுவதும் பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும். 2007இல் இலங்கையின் இரு தவளையினங்கள் முதன்முறையாகப் பெயர் பெற்றன. பெயர் பெற்றபோதே அவை அழிந்துபோனவை எனக் கருதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டிற் சேகரிக்கப்பட்டு நூதனசாலையிற் கிடந்த மாதிரிகளே அவற்றின் எச்சம். அதே நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகள் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் பெருமளவில் அழிக்கப்பட்டன. இலாபம் பெற்றவை தோட்டக் கம்பனிகள். காடு வெட்டியும் கொழுந்து பறித்தும் உழைத்தோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைகள். காட்டை அழித்தது மனித இனத்தின் பேராசை எனக் கூறுவது, அத்தொழிலாளியையும் தோட்ட முதலாளியையும் ஒரே தட்டில் நிறுத்துவதாகும்.

கண்டுபிடிப்பு என்னும் கருத்தை நோக்குமிடத்து, இருவகைத் தவறுகளைத் தவிர்க்க வேண்டும். பெயரிடும் விஞ்ஞானி வரும்வரை எதுவும் அறியப்படவில்லை என்பது ஒன்று. கிராமத்தவர் அனைத்தையும் முன்னரே அறிந்திருந்தனர் என்பது மற்றொன்று. அது வெறும் கற்பனாவாதம். புறத்தோற்றத்தில் ஒத்திருக்கும் தவளைகளைக் குரல், உடலமைப்பு, மரபணு ஆகியவற்றின் துணைகொண்டு வேறுபடுத்தியமையாலேயே, இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட மரத்தவளையினங்கள் இருக்கலாம் என்னும் முடிவு 2002இல் வெளியாயிற்று. விஞ்ஞான முறை இன்றி இது இயலாது. அதேவேளை, எந்தக் காட்டில் எந்தப் பருவத்தில் எது ஒலிக்கும் என்பதைக் காட்டோடு வாழ்பவன் அறிவான். அவ்வறிவு ஆய்வேட்டில் வழிகாட்டியின் உதவியாகச் சுருங்கிவிடுவதே நமது விமர்சனத்துக்குரியது.

மிகுந்த எச்சரிக்கையோடு அணுகவேண்டியது பாதுகாப்பு என்னும் கருத்தாகும். பாலமுனை வயல்கள் அமைந்துள்ள இச்சமவெளியை வளமூட்டும் பட்டிப்பளை ஆறு, 1949இல் தொடங்கிய அபிவிருத்தித் திட்டத்தின் பின் கல்லோயா என்னும் பெயராலேயே பரவலாக அறியப்படலாயிற்று. அணை கட்டப்பட்டுப் பெருங்காடு நீரில் மூழ்கியது. அந்நீர்த்தேக்கத்தின் ஏந்துபகுதியைக் காக்கும் பொருட்டு 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா அமைந்தது. இப்பிரதேசக் காடுகளில் வேடர் குடியினர் வாழ்ந்தமையைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல் பதிவுசெய்துள்ளது. வடக்கே 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோதும், தம்பானை வேடர் தம் வேட்டைக் காடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மனிதரற்ற காடு என்பது இவ்விடங்களில் ஆக்கப்பட்ட ஒன்றாகும்.

முசலிப் பிரதேசத்தின் அனுபவம் இதனினும் கூர்மையானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வட மாகாண முஸ்லிம்களுள் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய ஊர்களின் மக்களும் அடங்குவர். இரு தசாப்தங்களில் அவ்வூர்களை மரங்கள் மூடின. 2012இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் அப்பகுதியில் வனஒதுக்கொன்றைப் பிரகடனப்படுத்திற்று. யுத்தத்தின் பின் திரும்பியோர் இது எமது பழைய காணி என்றனர். வில்பத்துக் காடு அழிக்கப்படுகின்றது எனச் சூழலியலாளர் குற்றஞ்சாட்டினர். காணியுரிமையையும் காட்டின் எல்லையையும் ஆவணங்கொண்டு தீர்மானித்திருக்க வேண்டிய இப்பிரச்சினை, கன்னிக்காடு என்னும் படிமத்தின் துணையோடு இனப்பகைமைக்கு இரையாயிற்று. அகதியின் காணியில் முளைத்த மரத்துக்கு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அழித்துக் காட்டைக் காக்க முனைந்தால், காட்டுக்கு அருகே வாழும் மக்கள் காட்டின் பகைவராவர்.

இதனாற் காடழிப்பு நியாயமாகிவிடாது. மக்களின் பெயரைச் சொல்லிக் காட்டை விற்போரையும் நாம் அறிவோம். ஈரவலயத்தில் எஞ்சியிருக்கும் மழைக்காடு ஆதியில் இருந்ததன் மிகச் சிறு பங்கே. அதில் ஒரு துண்டை இழப்பதும் பெயரிடப்படாத உயிர்களை இழப்பதாகலாம். நமது வாதம் வேறானது. வெட்டப்படாத காட்டைக் காப்பதற்கு, தொடப்படாத காடு என்னும் பொய் தேவையில்லை. சிங்கராஜாவைக் காத்தது அந்தப் பொய்யன்று, பகிரங்கமான எதிர்ப்பே.

பாலமுனைக்கு அயலிலுள்ள ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. அதே ஒலுவிலில் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தை அண்டிக் கரையோரம் அரிக்கப்பட்டதையும் மக்கள் கண்டனர். புதிய உயிரைத் தேடுவதற்கு எட்டாத வனாந்தரத்துக்கே செல்லவேண்டும் என்னும் மனப்பாங்கு, கண்முன் உள்ள களப்பையும் வயலையும் கடலையும் ஆய்வுக்குப் புறம்பாக்கிவிடுகின்றது. மீனவரும் விவசாயியும் வழங்கும் உயிரினப் பெயர்களைத் தொகுத்தல், அவற்றை விஞ்ஞானப் பெயர்களோடு இணைத்துத் தமிழில் வெளியிடுதல், ஒரு பகுதியை ஒதுக்காக அறிவிக்குமுன் அங்கு வாழ்ந்தோரின் உறுதிகளையும் வாய்மொழியையும் பதிவுசெய்தல் ஆகியன இத்தகைய பல்கலைக்கழகங்களும் தமிழ்ச் சங்கங்களும் இணைந்து ஆற்றக்கூடிய பணிகளாகும். எல்லையிடும் வேளையிலேயே மக்களின் பெயர்களும் ஏட்டில் இடம்பெறுமாயின், அவ்வெல்லையைக் காக்க அம்மக்களே முன்வருவர்.