முகம் திருப்பி நின்ற மங்கை

பிலடெல்பியா நகரத்துக் கலைக்கூடங்களிலே பெரும்புகழ் பெற்ற ஓவியர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களைக் காணச் சென்ற நம் கால்களைக் கட்டி நிறுத்தியவரோ, அதுவரை நாம் பெயரும் கேட்டறியாத ஒருவர்: ஹோரஸ் பிப்பின். 1888-இல் பிறந்து 1946-இல் மறைந்த கறுப்பினத்து ஓவியர்.

முதல் உலகப் போரில் 369-ஆம் காலாட்படையிலே நின்று களம் கண்டவர் அவர். நாட்டுக்காக உயிர்விடலாம், ஆனால் வெள்ளைச் சிப்பாயின் தோளோடு தோள் நிற்கலாகாது என்றது அமெரிக்கா. அந்தக் கறுப்பர் படையைப் பிரெஞ்சுத் தளபதிகளிடம் ஒப்படைத்தது. 1918-இல் குண்டு பாய்ந்து வலத்தோள் சிதைந்தது. ஊர் திரும்பியவர், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கோலால் மரப்பலகையைச் சுட்டுச் சுட்டுக் கோடு இழுத்தார். பின்னர், இடக்கையால் வலக்கையைத் தாங்கியபடி தூரிகை பிடித்தார்.

1938-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்கள் நான்கினைக் காட்சிக்கு வைத்தது. புகழ்ந்தோர் பலர். ஆயினும், கல்லாக் கலைஞர், குழந்தை உள்ளத்தினர் என்றொரு அடைமொழியை ஒட்டியே புகழ்ந்தனர். தட்டிக் கொடுக்கும் கைதான். எனினும், தலைக்கு மேலே உயர்ந்து நின்று தட்டும் கை!

'தூக்கிலிடப்படச் செல்லும் ஜான் பிரௌன்', அவர் 1942-இல் தீட்டியது. அடிமைத்தளையை ஆயுதத்தால் அறுக்க எழுந்த அந்த வெள்ளைக் கிழவனை 1859 டிசம்பர் 2 அன்று தூக்கிலிட்டனர். ஓவியத்திலே, வெண்குதிரைகள் பூட்டிய வண்டி; தன்னைப் புதைக்கப்போகும் பெட்டியின்மீதே அமர்ந்திருக்கிறான் அவன், கைகள் கட்டுண்டு. சூழ நிற்பது வெள்ளையர் திரள். வலக்கோடியிலே ஒருத்தி, ஒரே ஒருத்தி, கறுப்பினப் பெண். அவள் வண்டியைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்சிக்குக் கொடுத்து, முகத்தை நம் பக்கம் திருப்பி நிற்கிறாள். அம்முகத்திலே அழுகை இல்லை, கடுப்பு இருக்கிறது. அன்று அதை நேரில் கண்ட தம் பாட்டியே அவள் என்பது பிப்பின் குடும்பத்து வழக்கு.

குழந்தை உள்ளமா இது? எவரை எங்கே நிறுத்தினால் பார்ப்பவன் தலை குனிவான் என்று எண்ணிப் பார்த்து நிறுத்திய உள்ளமன்றோ! உருவங்கள் தட்டையாக இருக்கின்றன, உண்மை. மரங்கள் விறைத்து நிற்கின்றன, அதுவும் உண்மை. அந்த விறைப்பிலேதான் அக்காலைப்பொழுதின் குளிர் இருக்கிறது. உடற்கூறு பிழையறக் கற்ற எத்தனையோ கைகள் இந்த ஒரு முகத்தை எழுதியதில்லை.

அடுத்த ஆண்டே 'திருவாளர் தப்பெண்ணம்' பிறந்தது. ஆங்கிலத்திலே வெற்றிக்கு முதலெழுத்தான 'வி' ஓங்கி நிற்கிறது. அதன் அடியிலே ஆப்பு வைத்துச் சம்மட்டியால் பிளக்கிறான் ஒருவன். ஒருபுறம் வெள்ளையர், மறுபுறம் கறுப்பர். முகமூடி அணிந்த வெறியனும் இருக்கிறான், சுதந்திர தேவியும் இருக்கிறாள். அளவிலே சிறிய படம்; 'ஜான் பிரௌன்' அளவுக்குக் கலைநயம் இதிலே கூடவில்லை, கருத்து சற்றே உரக்கப் பேசுகிறது என்போம். ஆனால், அது எழுதப்பட்ட 1943-இலே, இட்லரை எதிர்த்து நின்ற அமெரிக்கப் படை நிறத்தால் பிரிந்தே கிடந்தது. அப்பிரிவினையை நீக்கும் ஆணை 1948-இல்தான் வந்தது. பிப்பின் மறைந்து இரண்டாண்டு கழிந்திருந்தது.