அறைக்கு நாலு பேர்

சமூக இடைவெளி என்ற சொல்லை 2020 மார்ச்சில் டெல்லிக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால், சிவகாசிப் பக்கம் சிரிப்பார்கள். பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறைக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் உள்ளே கால் வைக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே இவ்வளவு இடம் விடவேண்டும் என்று அளவு இருக்கிறது. ஓடித் தப்பிக்கக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு, இரும்புச் சாமான் கூடாது, செல்போன் கூடாது. ஆளைக் குறைத்து, இடைவெளி விட்டு, ஆபத்தான வேலையை எப்படி வாங்குவது என்று நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய வெடிபொருள் துறை வரிவரியாக எழுதி வைத்திருக்கிறது.

எழுதி வைத்ததில் குறையே கிடையாது. விபத்து நடந்த மறுநாள் பேப்பரைப் பாருங்கள். அறையில் நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேர். இடம் போதாமல் மரத்தடியில் வைத்து வேலை. உரிமம் ஒருத்தர் பேரில், நடத்துவது உள்குத்தகைக்கு எடுத்த வேறு ஆள். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை கருகிப் போனார்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். நடுவில் எத்தனையோ. ஒவ்வொரு தடவையும் இதே வரிகள்தான் ஊர் பேரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தன.

எதற்கு இந்தக் கதை என்றால், கொரோனா ஊரடங்கைத் தளர்த்தியதைப் பற்றி இன்றைக்கு வரைக்கும் நாம் பேசுகிற பேச்சு எல்லாம் ‘திறந்தது சரியா, தப்பா’ என்ற ஒரே கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சிவகாசிக்காரரைக் கேட்டால், அது பாதிக் கேள்விதான் என்பார். அறையைத் திறந்தாச்சு, சரி. உள்ளே நாலு பேர்தான் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பது யார்?

தேதிகளைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். 2020 மார்ச் 20-ம் தேதி சாத்தூர் பக்கம் சிப்பிப்பாறையில் ஒரு ஆலை வெடித்து ஆறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் 24-ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாடு பூட்டப்பட்டது. அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் தோன்றினார், பன்னிரண்டு மணிக்கு நாடே பூட்டப்பட்டது. ஏப்ரல் 20-ல் இருந்து சில தொழில்களைத் திறக்கலாம் என்று மத்திய அரசு சொன்னது. நிதித் துறைச் செயலாளர் கிருஷ்ணன் தலைமையில் மாநில அரசு ஒரு குழு போட்டது. அது பரிந்துரைத்தது, தளர்வு இல்லை என்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். மே மாதம் பாதி ஆட்களோடு பட்டாசு ஆலைகள் திறந்தன.

நான் படித்தது பி.காம். கல்லூரியில் கற்றுக்கொண்டதில் பாதி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. வரப்போகிற லாபத்தை வரவு வைக்காதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கி வை. விருதுநகர் பஜாரில் பருப்பும் வத்தலும் வாங்கி விற்கிற எந்தக் கமிஷன் கடைக்காரரும் இதைக் கல்லூரிக்குப் போகாமலே செய்கிறார். அரசாங்கம் செய்ததா?

திறந்தால் நோய் பரவும். இது ஒரு பக்கத்து நஷ்டம், எல்லோருக்கும் தெரியும். மூடினால் வருகிற நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்? பட்டாசு ஆலையில் பெரும்பாலும் பீஸ்ரேட். இத்தனை உருப்படி முடித்தால் இத்தனை ரூபாய். ஆலை ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும். ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை என்று ஒன்று இருக்கிறதே? ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது. தள்ளிவைக்கலாம் என்றுதான் சொன்னது, தள்ளுபடி என்று சொல்லவில்லை. அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் ‘மோடி கடனை நிறுத்திட்டாராம்’ என்று நிம்மதியாக இருந்த குடும்பங்கள் ஏராளம்.

அதனால், மே மாதம் ஆலைகளைத் திறந்தது சரி என்பதுதான் என் கட்சி. திறந்த விதம்தான் தப்பு.

2020 மே 7-ம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று விடிவதற்கு முன்னால், ஊரடங்கில் மூடிக் கிடந்து திரும்ப இயங்கத் தயாரான விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் வாயு கசிந்து பன்னிரண்டு பேர் இறந்தார்கள். நாற்பது நாளாக ஆள் பார்க்காமல் ரசாயனத்தைக் கிடத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டுக்கே பாடம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் விதிமுறை வெளியிட்டது: மூடியிருந்த ஆலையைத் திறந்தால் முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாக நினையுங்கள், உற்பத்தி இலக்கைத் துரத்தாதீர்கள் என்று. நல்ல விதிதான். வெளிவந்த தேதி மே 9. திறப்பு முந்திவிட்டது, விதி பிந்திவிட்டது.

பட்டாசுக்கு இது இன்னும் பொருந்தும். கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது, அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் தானாகவே சூடாகும். சில மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டுகிறவர்களுக்கு, பாதி வேலையில் நிற்கிற சரக்கைப் பற்றி என்ன தெரியும்?

போகட்டும். எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை: முகக்கவசம், கைகழுவல், வாசலில் சானிடைசர். சானிடைசர்! முக்கால்வாசி சாராயம். பளிச்சென்று பற்றிக்கொள்ளும். தீக்குச்சியைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாலே வேலையை விட்டு நிறுத்துகிற இடத்தின் வாசலில் அதை வைப்பதா? சோப்பும் தண்ணீரும்தான் அங்கே லாயக்கு. அதிலும் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் மருந்து பக்கம் போக வேண்டும். இதை ஒரு ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ரெண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் சொல்லியிருப்பார். நோய் ஒட்டுகிற இடம் அறை இல்லை. ரெண்டு பக்கமும் கதவு, காற்று வீசும், ஆளும் நாலே பேர். ஒட்டுகிற இடம் வேன். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு, மடியில் தூக்குவாளியும் தோளில் தோளும் இடிக்க வருகிறதே, அந்த வேன். பாதி ஆட்கள் என்று ஆலைக்குக் கணக்குச் சொன்னவர்கள், வேனுக்கு இரட்டை நடை அடிக்கிற டீசல் காசு யார் தலையில் என்று சொல்லவில்லை. சொல்லாத செலவு எப்போதும் கடைசி ஆள் தலையில்தான் விடியும்.

அதே மே 7-ம் தேதிதான் சென்னை தவிர்த்து மற்ற ஊர்களில் டாஸ்மாக் திறந்தது. அந்தக் கூட்டத்தை நீங்களும் பார்த்தீர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கி, 16-ம் தேதி திரும்பத் திறந்தது. வருஷத்துக்கு முப்பதாயிரம் கோடிக்கு மேல் வருமானம், ஓடத்தான் செய்வார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. மதுக்கடை மூடியிருந்தது ஒன்றரை மாதத்துச் சொச்சம். பள்ளிக்கூடம் மூடியிருந்தது ஒன்றரை வருஷத்துக்கும் மேல். வேறு மாவட்டத்துக்காரர்களுக்கு இது வெறும் படிப்பு நஷ்டம். தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு சுற்றியும் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் வளர்ந்த மண் அது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உலகம் முழுக்க அதற்காகவே சிவகாசியின் பெயர் கெட்டது. அங்கிருந்து பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்ப எத்தனை வருஷம் ஆயிற்று! வீட்டில் கூலி இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை என்றால், கையில் திரியும் பசையும் வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகும்? தளர்வுப் பட்டியல் எழுதியவர்கள் மேசையில் இந்த ஆபத்துக்கு ஒரு வரி இருந்ததா?

விருதுநகர் மாவட்டம் ஆரம்பத்தில் பிழைத்துத்தான் கிடந்தது. ஜூன் தொடக்கத்தில் மொத்த நோயாளிகள் நூற்றுக்கணக்கில். ஜூன் 1 முதல் மண்டலத்துக்குள் இ-பாஸ் இல்லாமல் பஸ் ஓடியது. மதுரை, விருதுநகர், திண்டுக்கல், தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் ஒரே மண்டலம். அந்த மாதம்தான் மதுரையில் நோய் ஏறியது. 24-ம் தேதி மதுரையை மறுபடி முழுசாகப் பூட்டினார்கள். ஜூலை முடிவதற்குள் விருதுநகர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போய்விட்டது. பஸ்ஸை மட்டும் குற்றவாளியாக்க மாட்டேன். சென்னையில் இருந்து திரும்பியவர்களும் உண்டு, கல்யாணமும் சாவும் உண்டு. ஆனால் சந்தையும் ஆஸ்பத்திரியும் ஒன்றாக இருக்கிற ரெண்டு மாவட்டத்தை ஒரே கயிற்றில் கட்டும்போது, ஒன்றில் தீப்பிடித்தால் கயிற்றை எப்போது வெட்டுவது என்றும் யோசித்திருக்க வேண்டாமா? அப்போது விருதுநகர் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே கிடையாது. அது திறந்தது 2022 ஜனவரி 12. மூச்சு முட்டினால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே ஏற்கெனவே கூட்டம்.

மருத்துவ நிபுணர் குழு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கூட்டம் முடிந்து டாக்டர்கள் வெளியே வந்து நிருபர்களிடம் பொறுப்பாகப் பேசவும் செய்தார்கள். ஆனால் மாவட்டத்தில் எந்த எண் எதைத் தொட்டால் பூட்டு, எதற்கு இறங்கினால் சாவி என்பதை முன்கூட்டியே எழுதி ஊர் சுவரில் ஒட்டவில்லை. பரிசோதனை செய்கிற நூறு பேரில் ஐந்து பேருக்குக் கீழே நோய், அதுவும் ரெண்டு வாரம் நிலைத்து நின்றால் தளர்த்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மே மாதமே சொல்லியிருந்தது. நமக்கு வந்ததெல்லாம் ‘தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு’, ‘தளர்வுகளற்ற முழு ஊரடங்கு’ என்ற தமிழ்தான். ஊரடங்கு என்றாலே ஊர் அடங்குவதுதானே? அடங்கியும் அடங்காமலும் ஒரு ஊர் எப்படி இருக்கும் என்று அரசு இதழ்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், அறிவிக்கிற லட்சணம். 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, மதுரை, கோவைக்கு 26-ல் இருந்து நாலு நாள் முழு அடைப்பு என்றார்கள். நடுவில் ஒரே நாள். அந்த 25-ம் தேதி கடைவீதிகள் பிதுங்கின. கோயம்பேட்டில் இருந்து அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை நோய் லாரி ஏறிப் போன கதை உங்களுக்குத் தெரியும். ஆட்சி மாறியது. 2021 மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு என்று மு.க. ஸ்டாலின் அரசு அறிவித்தது. அதற்கு முன் 22, 23 ரெண்டு நாளும் எல்லாக் கடையும் திறக்கலாம், ஊருக்குப் போகப் பஸ்ஸும் உண்டு. பூட்டுவதற்காகவே ஒரு திருவிழா! கட்சி மாறினாலும் கோப்பு மாறவில்லை. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த ஜூனில் மாவட்டங்களை நோயின் அளவுப்படி பிரித்து, கொங்கு மண்டலம், டெல்டா என்று பதினொரு மாவட்டத்துக்குத் தளர்வைக் குறைத்துக் கொடுத்தது உருப்படியான வேலை. முந்தின வருஷமே செய்திருக்கலாம்.

நம் ஆட்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரைப் பாருங்கள். சுத்தத்துக்கும் திட்டத்துக்கும் பேர்போன ஊர். 2020 ஜூன் 19-ம் தேதி குடிமக்களுக்கு ஓட்டல் திறந்துவிட்டார்கள். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், இருபது பேர் என்று விடுதிகளில் அடைந்து கிடந்த தமிழ், வங்காளத் தொழிலாளிகளுக்கு அந்தத் தளர்வு இல்லை. வருஷக் கடைசியில் அந்த அரசே கணக்குச் சொன்னது: விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துச் சொச்சம் பேரில் 47 சதவிகிதம் பேருக்கு நோய் வந்து போயிருந்தது. 2021 செப்டம்பரில்தான், வாரத்துக்கு ஐந்நூறு பேர் லிட்டில் இந்தியா போய்வரலாம் என்று வெள்ளோட்டம் விட்டார்கள். அங்கே அறைக்கு நாலு பேர் என்று ஒரு விதி இருந்திருந்தால்?

சிவகாசிக்கு வருகிறேன். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு தீபாவளி வியாபாரம் ஆரம்பிக்கும். 2020-லும் ஆரம்பித்தது. வேனில் நெருக்கி வந்து, நோயும் வாங்கி, சரக்கை முடித்து, லாரி ஏற்றி, வடக்கே அனுப்பியாச்சு. நவம்பர் பிறந்ததும் ராஜஸ்தான், ஒடிசா, டெல்லி என்று வரிசையாகத் தடை. கொரோனா நோயாளிகளின் நுரையீரலுக்குப் பட்டாசுப் புகை கேடு என்றார்கள். காரணத்தில் நான் குற்றம் காணவில்லை, புகை கேடுதான். ஆனால் நுரையீரல் நவம்பரில் முளைத்த உறுப்பா? நாட்டுப் பட்டாசில் தொண்ணூறு சதவிகிதம் செய்கிற ஊரிடம் ஆடி மாதமே சொல்லியிருந்தால், அந்தப் பெண்கள் அத்தனை நடை வேன் ஏறியிருக்க வேண்டாம். தீபாவளி 14-ம் தேதி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தடை உத்தரவு வந்தது 9-ம் தேதி.