மாத நாவலும் நடுநாட்டு நாவலும்

எழுத ஆசைப்படுகிறவர்களிடம் மூத்தவர்கள் தவறாமல் சொல்வது, நல்ல நூல்களைத் தேடிப் படி என்பது. அதில் பிழையில்லை. ஆனால் ‘மோகமுள்’ போன்ற சிறந்த நாவலைப் படித்து முடித்த கையோடு பேனாவை எடுக்கத் துணிகிறவர்கள் சிலரே, பலருக்கு அந்த உயரமே மலைப்பைத் தந்துவிடுகிறது. பேருந்து நிலையக் கடையில் வாங்கி, இறங்கும் ஊர் வருவதற்குள் படித்து முடிக்கிற மட்டமான மாத நாவலோ, ‘இதையே அச்சடிக்கிறார்கள் என்றால் நாம் எழுதினால் என்ன?’ என்று கேட்க வைக்கிறது. மோசமான நாவல்களும் எழுத்தாளர்களை உருவாக்குகின்றன என்ற வாதத்தின் வேர் இந்தக் கேள்விதான். வாதம் பாதி சரி. மோசமான நாவல் துணிச்சலைத் தரும்; எதை எழுதுவது என்பதைத் தராது. அதற்கு, அந்த நாவல் எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று பார்க்கத் தெரிய வேண்டும். நடுநாடு எனப்படும் பகுதியில், விருத்தாசலம் வட்டாரத்திலிருந்து வந்த நாவல்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

துணிச்சல் என்ற பாதிக்கு நம் நாவல் வரலாற்றிலேயே சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸின் கதைகளைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றி எழுதித் தள்ளினார். ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் கதைகளால் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தார்கள். இலக்கியத் தரம் என்று சலித்தால் இவற்றில் தேறுபவை குறைவு. ஆனால், முறையான பள்ளிப் படிப்பில்லாத, சிறு வயதிலேயே மணம் முடிக்கப்பட்ட வை. மு. கோதைநாயகி அம்மாள் கதை எழுத இறங்கியது இந்தச் சூழலில்தான். முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய அவர், 100க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். பண்டித நடை ஒன்றுதான் எழுத்துக்குத் தகுதி என்றிருந்தால் அவருக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

பிற்காலத்தில் அந்த வாசலை அகலப்படுத்தியவை மாத நாவல்கள். 1969இல் ‘ராணிமுத்து’ வந்தது. ‘மாலைமதி’, ‘பாக்கெட் நாவல்’, ‘க்ரைம் நாவல்’ என்று கடை வாசலில் கயிற்றில் தொங்கும் புத்தகங்கள் பெருகின. ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். இவற்றின் கட்டுமானம் நாலைந்து புத்தகங்களிலேயே பிடிபட்டுவிடும். ஓர் அத்தியாயத்தில் கோவையில் ஒரு கொலை. அடுத்ததில் சென்னையில் சம்பந்தமே இல்லாத ஒரு கல்யாணப் பேச்சு. இரண்டு தடங்களும் கடைசிப் பக்கங்களில் சேரும். நல்ல நாவல் மறைத்து வைப்பதை இது வெட்டவெளிச்சமாக்கிவிடுவதால், புதியவருக்குத் தொழில் சீக்கிரம் பிடிபடுகிறது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. விருத்தாசலத்தின் பீங்கான் பொம்மைத் தொழிலில், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படிந்து இறுகுகிறது. மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை கிடைக்கிறது. வார்க்க வார்க்க அச்சு தேய்கிறது. பொம்மையின் மூக்கும் விரலும் மழுங்குகின்றன. மாத நாவலிலிருந்து கற்றவருக்குக் கிடைப்பதும் அச்சுதான். அதில் முன்பே செதுக்கிய முகத்தைத் தவிர வேறு முகம் வராது.

அமெரிக்க நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரின் தொடக்கம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஓர் ஆங்கில நாவலை மனைவிக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தவர், இதைவிட நன்றாக நானே எழுதுவேன் என்று சலித்துக்கொள்ள, மனைவி எங்கே எழுதுங்கள் பார்ப்போம் என்றார் என அவர் மகள் பதிவு செய்திருக்கிறார். அப்படிப் பிறந்தது 1820இல் வெளியான ‘ப்ரிகாஷன்’. அதுவும் இங்கிலாந்துக் குடும்பங்களைச் சுற்றிய போலி நாவலாகவே அமைந்தது. மறு ஆண்டே, தன் நாட்டு விடுதலைப் போரை எடுத்துக்கொண்டு ‘தி ஸ்பை’ எழுதினார். பெயர் பெற்றுத் தந்தது அதுதான். மோசமான நாவல் அவரை மேசை முன் உட்கார வைத்தது. அதன் உலகத்தை விட்டு வெளியே வந்த பிறகே அவர் நாவலாசிரியரானார்.

இனி விருத்தாசலம். பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். அவருடைய ‘அஞ்சலை’ 1999இல் வந்தது. காட்டிய மாப்பிள்ளை ஒருவன், தாலி கட்டியவன் வேறொருவன் என்பது அஞ்சலைக்கு நேரும் கதி. இந்த ஆள்மாறாட்டம் மாத நாவலுக்குப் பழகிய சரக்கு. அங்கே உண்மை வெளிப்படும், ஏமாற்றியவன் அகப்படுவான், கதை முடியும். இங்கே கதையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏமாந்தவள் மறுநாளும் கூலி வேலைக்குப் போக வேண்டும், ஊர் வாயில் விழ வேண்டும், பிள்ளை பெற்று வளர்க்க வேண்டும். விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் ‘செல்லாத பணம்’ 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த பெண், ஆட்டோ ஓட்டுபவன் மீது காதல், பெற்றவர்களின் எதிர்ப்பு, தீக்காயம். பட்டியலாகச் சொன்னால் எந்த மாத நாவலுக்கும் பொருந்தும். இமையம் புதுச்சேரி ஜிப்மர் தீக்காயப் பிரிவின் வாசலை விட்டு நகர மறுக்கிறார். கையில் பணம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாத குடும்பம் அங்கே ஒருவரையொருவர் குற்றம் சாட்டியபடி காத்திருக்கிறது. இவர்கள் மாத நாவல் படித்து எழுத வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. வெகுஜன நாவலின் கோளாறு அது எடுத்துக்கொள்ளும் சம்பவத்தில் இல்லை, நிறுத்திவிடும் இடத்தில் இருக்கிறது என்பதை இவ்விரு நாவல்களும் காட்டுகின்றன என்பதே என் வாதம்.

இதற்குப் பலமான மறுப்பு ஒன்று உண்டு. மட்டமானவை சந்தையை அடைத்துக்கொண்டு வாசக ருசியைக் கெடுக்கின்றன. பெரிய எழுத்தாளர்கள் அவற்றை எதிர்த்தே எழுந்தார்கள். விருத்தாசலம் என்ற ஊர்ப்பெயரையே இயற்பெயராகக் கொண்டவரும், இதே மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவருமான புதுமைப்பித்தனைவிட இதற்கு வேறு சாட்சி வேண்டாம். அன்றைய ஜனரஞ்சகக் கதைகள் கற்புக்கரசிகளை வரிசையாக வார்த்துக்கொண்டிருந்தபோது, படுத்துக் கிடக்கும் புருஷனுக்குக் கஞ்சி வார்க்கத் தன்னை விற்கும் அம்மாளுவை அவர் ‘பொன்னகர’த்தில் நிறுத்தினார். உண்மைதான். ஆனால் அந்தக் கதையின் அடி விழுவதற்கே எதிரில் அந்தக் கற்புக்கரசிகள் தேவைப்படுகிறார்கள். எரிச்சலும் ஒருவகை ஊக்கம்தான். மோசமான நாவலை எதிர்த்து எழுதுகிறவர், அதைக் கூர்ந்து படித்தவராகவே இருக்க முடியும்.

இன்னொரு மறுப்பு: இப்படி உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் அச்சு வார்ப்பவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். மாத நாவல்காரர்களிடம் விறுவிறுப்பு, சிக்கனம், நாள் தவறாமல் எழுதி முடிக்கும் ஒழுங்கு ஆகிய திறமைகள் உண்டு என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ளலாம். ஆனால் குறை, அவர்கள் மோசமானதைப் படித்ததால் வந்ததல்ல. தன் வாக்கியம் அதைவிட மேல் என்ற திருப்தியோடு நின்றுவிட்டதால் வந்தது. நடை சுத்தமாகி, பொய் அப்படியே இருந்தால் மோசமான நாவல் இன்னொன்று கூடியதுதான் மிச்சம். ஆகவே கதைப் பட்டறை நடத்துகிறவர்கள் மாத நாவலைத் தாராளமாக மாணவர் கையில் கொடுக்கலாம். ‘இதைவிட நன்றாக எழுது’ என்று சொல்லிக் கொடுப்பதில் பெரிய பயனில்லை. இது எந்தப் பக்கத்தில் அவசரமாகக் கதையை முடித்தது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து மேலே எழுதச் சொல்ல வேண்டும்.