சாட்சி சொல்லும் பாட்டு

அரசியல் கொடுமைகளைப் பற்றி எழுந்த பாடல்களிற் பெரும்பாலானவை அக்கொடுமையின் சூடு ஆறுமுன்னரே மறக்கப்பட்டுப் போவதற்குக் காரணம், அவற்றில் உணர்ச்சி குறைந்திருப்பதன்று. ஊரும் பேரும் இன்றி, எந்தத் துக்கத்துக்கும் பொருந்தக்கூடிய பொதுப் புலம்பலாக அவை அமைந்துவிடுவதேயாகும். சிலி நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் பிறந்த பாடல்களை ஒருசேரக் கேட்கிறவர்களுக்கு இது தெளிவாகப் புலப்படும். அங்கே நிலைத்து நின்றவை, எந்த நீதிமன்றமும் கேட்க முன்வராத சாட்சியத்தைத் தாமே எழுந்து சொல்லப் புகுந்த பாடல்கள்.

அந்நாட்டின் வடபகுதியில், தாராபக்கா மாகாணத்துப் பாலைவனத்தில் வெடியுப்பு வெட்டிய தொழிலாளர்கள், கூலியைப் பணமாகக் கொடாமல் கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகளாகக் கொடுத்த அநியாயத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து, மனைவி மக்களுடன் இக்கிக்கே துறைமுகத்துக்கு வந்து, சாந்தா மரியா என்னும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தனர். 1907 டிசம்பர் 21 அன்று ஜெனரல் சில்வா ரெனார்டின் ஆணைப்படி இயந்திரத் துப்பாக்கிகள் அவர்கள்மீது திரும்பின. பெரு, பொலிவியா தேசத்துத் தொழிலாளர்களை அவரவர் தூதர்கள் வந்து அழைத்தும், தோழர்களை விட்டு வர மாட்டோம் என்று மறுத்து, அவர்களும் அங்கேயே இருந்து மாண்டார்கள். இந்தச் சம்பவத்தைப் பிரான்சிஸ்கோ பெசோவா என்ற கவிஞர் சில காலத்துக்குள்ளேயே பாட்டாக்கி, ஜனங்களுக்கு ஏற்கனவே பழகியிருந்த ஒரு காதற்பாட்டின் மெட்டில் பொருத்திவிட்டார். மெட்டு புதிதாயிருந்தால் அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். பழைய மெட்டாகையால் பாட்டு வாய்க்கு வாய் தானே நடந்தது.

எனினும் பள்ளிப் பாடநூல்களில் அந்தப் படுகொலைக்கு இடம் கிடைக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின், இக்கிக்கேயிலேயே பிறந்த லூயிஸ் ஆட்விஸ் என்ற இசையமைப்பாளர், ஐரோப்பியத் தேவாலய சங்கீதத்தில் வசனநடைப் பாட்டும் இசைப்பாட்டும் மாறி மாறி வரும் கான்டாட்டா என்ற உருவத்தை எடுத்துக்கொண்டு, அதில் மலைநாட்டுக் கேனாக் குழலையும் சராங்கோ என்னும் சிறு நரம்புக் கருவியையும் சேர்த்து, கிலாபாயுன் என்னும் பாடகர் குழுவினர் பாடுவதற்கென அந்தக் கதையைச் சொன்னார். 1970இல் அது அரங்கேறிற்று. தேவாலயத்தில் சமய விஷயங்களைச் சொல்லப் பயன்பட்ட உருவத்தை வெடியுப்புக் கூலிகளுக்கு உரியதாக்கியதே அவருடைய மகத்தான துணிவு என்று நான் கருதுகிறேன். இறந்தவர் மூவாயிரத்து அறுநூறு பேர் என்று அந்தக் கான்டாட்டா சொல்லும். அரசாங்கக் கணக்கோ நூற்றுச் சொச்சத்தோடு நின்றுவிடும். சரித்திர ஆசிரியர்கள் இன்னும் இத்தொகையில் ஒருமனப்படவில்லை. ஆனால் ஒரு தேசம் அந்தக் கேள்வியை மறுபடியும் எழுப்பும்படி செய்தது சரித்திர நூல் அன்று, அந்த இசைத்தட்டே.

இவ்வளவு திடமான மரபு திடீரென்று முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கொலை, தூக்குத் தண்டனை, விபத்து முதலியவற்றைப் பத்தடிச் செய்யுளில் பாடி, ஒற்றைத் தாளில் அச்சிட்டுச் சந்தைகளில் விற்ற நாட்டுக் கவிராயர்கள் அங்கே இருந்தனர். அவர்களுடைய வழிவந்த பாட்டுக்களைக் கிராமம் கிராமமாகச் சென்று சேகரித்தவர் வியோலெத்தா பார்ரா. 1962இல் சான்டியாகோவின் ஏழைக் குடியிருப்பொன்றில் துப்பாக்கிச் சூடு நடந்ததையும், தம் சகோதரர் சிறைப்பட்டதையும் பாரிஸில் இருந்த அவருக்கு ஒரு கடிதம் தெரிவித்தது. அக்கடிதம் வந்த செய்தியையே பாட்டின் தொடக்கமாக வைத்து அவர் ஒரு பாடல் இயற்றினார். அரசியல் துக்கம் தபாற்காரன் மூலமாக ஒரு குடும்பத்துக்குள் நுழைவதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன பாட்டை நான் வேறு கேட்டதில்லை.

பாடகர் விக்டர் ஹாரா இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். 1969 மார்ச் 9 அன்று, தெற்கே புவெர்த்தோ மோந்த் நகரில், சும்மா கிடந்த நிலத்தில் குடிசை போட்டிருந்த 91 குடும்பங்களைப் போலீசார் விடியற்காலையில் சூழ்ந்து சுட்டதில், ஒரு கைக்குழந்தை உட்படப் பத்துப் பேரளவில் உயிரிழந்தனர். உள்துறை மந்திரி பெரெஸ் சுஹோவிச்சின் பெயரைச் சொல்லி, அவர் பதில் கூற வேண்டும் என்று கேட்கிற பாட்டைத் தலைநகரின் கண்டனக் கூட்டத்தில் ஹாரா பாடினார். சில மாதங்களுக்குப் பின் ஒரு பள்ளிக்கூடத்தில் அதைப் பாடியபோது அவர்மேல் கற்கள் விழுந்தன. ஒரு மனிதனைப் பேர் சொல்லிக் குற்றஞ்சாட்டுவது கவிதைக்குத் தகுமா என்று கேட்போர் உண்டு. தகும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் 1971இல் அந்த முன்னாள் மந்திரியைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றபோது, பாட்டு எந்த வாயிலிருந்து பதிலை எதிர்பார்த்ததோ அந்த வாயையே அவர்கள் அடைத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேள்வி கேட்பது வேறு, பழி தீர்ப்பது வேறு.

1973 செப்டம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹாரா பாட்டுக்குப் பரிசு பெற்ற அதே சிலி அரங்கம் சிறைக்கூடமாயிற்று. அங்கே அவர் காகிதத் துண்டில் எழுதிய கடைசிச் செய்யுளைச் சகக் கைதிகள் ஒளித்துக் காப்பாற்றினர். செப்டம்பர் 16 அன்று அவர் கொல்லப்பட்டார். கொன்றவர்களின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2023இல். ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்திலிருந்த கிலாபாயுன் குழுவினர் அங்கேயே அகதிகளாயினர். உள்நாட்டிலோ கேனாவும் சராங்கோவுமே சந்தேகத்துக்கு உரிய பொருள்களாயின.

பெயரைச் சொல்ல முடியாத அந்தக் காலத்தில், இராணுவ ஆட்சியில் காணாமற்போனவர்களின் குடும்பத்துப் பெண்கள் கண்டுபிடித்த உருவம் மிக அபூர்வமானது. குவேக்கா என்பது ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி எதிரெதிரே ஆடும் தேசிய நடனம். சகோதரரைப் பறிகொடுத்த காலா டோரெஸ் அதற்கு வார்த்தைகள் அமைக்க, 1978 மார்ச் 8 அன்று சான்டியாகோவின் காவ்போலிக்கான் அரங்கில் ஒரு பெண் துணையின்றி அதை ஆடினாள். சர்வாதிகாரிகளால் தேசிய நடனத்தைத் தடுக்கவும் இயலாது. எதிரே இருக்க வேண்டியவன் எங்கே என்ற கேள்வியைக் கேளாதிருக்கவும் இயலாது. சிலிப் பாடல்களைத் தொகுத்து எழுதுகிறவர்கள் இதை ஆட்டத்தைச் சேர்ந்தது என்று ஒதுக்கி, கடைசியில் ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். ஆட்விஸின் கான்டாட்டாவுக்கு ஒதுக்குகிற இடத்தை இதற்கும் ஒதுக்க வேண்டும். ஏனெனில் இங்கே சாட்சி சொல்பவர்கள் இசைவாணர்கள் அல்லர், பாதிக்கப்பட்டவர்களே.