ஏன் முடியாது என்று சொல்லும் பட்டன்

கிட்ஹப்பின் கிராஃப்க்யூஎல் ஏபிஐயில், பார்ப்பவரால் திருத்த முடியுமா என்று சொல்லும் 'வியூவர்கேன்அப்டேட்' ஃபீல்டை எல்லோரும் பாராட்டுவார்கள். பாராட்டட்டும். என் மனசு போவது அதன் பக்கத்தில் ஆரவாரமில்லாமல் நிற்கும் 'வியூவர்கேனாட்அப்டேட்ரீசன்ஸ்' மேல்தான். ஒரு கமென்ட்டை உங்களால் திருத்த முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை அது பட்டியலாகவே கொடுத்துவிடும். ரெப்போவை ஆர்க்கைவ் செய்திருப்பார்கள். விவாதத்தை லாக் செய்திருப்பார்கள். நீங்கள் லாகின் ஆகியிருக்க மாட்டீர்கள், இல்லை மின்னஞ்சலைச் சரிபார்க்காமல் விட்டிருப்பீர்கள். பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருக்கலாம். இது எதுவுமே இல்லையென்றால், உங்களுக்கு அந்த உரிமை இல்லை, அவ்வளவுதான்.

திரை கட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? லாகின்தான் குறை என்றால் பட்டனை ஏன் மறைக்க வேண்டும், அதே இடத்தில் லாகின் லிங்கை வைத்துவிடலாம். மின்னஞ்சல் பாக்கி என்றால் சரிபார்க்கும் பக்கத்துக்கு வழிகாட்டலாம். ஆர்க்கைவ் ஆன ரெப்போவுக்குக் கமென்ட்டுக்குக் கமென்ட் புலம்ப வேண்டாம், பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு மஞ்சள் பட்டை போதும். உரிமையே இல்லாதவருக்கு மட்டும் பட்டன் சத்தமில்லாமல் இல்லாமல் போகட்டும். இத்தனையும் செய்ய, அவர் எந்த டீம், அந்த டீம் எந்த டீமுக்குள் இருக்கிறது, ரெப்போ யார் பெயரில் இருக்கிறது என்ற வம்சாவளியெல்லாம் பிரவுசருக்குத் தெரியவே வேண்டாம். உறவை அலசுவது சர்வரின் பாடு. தீர்ப்பும் காரணமும் கைக்கு வந்தால் போதும்.

கூகுள் டிரைவ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒவ்வொரு ஃபைலோடும் வரும் 'கேப்பபிலிட்டீஸ்' பட்டியல் பெரிசுதான்: எடிட், கமென்ட், ஷேர், காப்பி, டவுன்லோடு, பெயர் மாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆம், தனி இல்லை. விரிவில் அதுதான் மேல் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'இல்லை' என்பதோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடுகிறது. தாலுகா ஆபீஸ் ஜன்னலில் நின்றவர்களுக்கு அந்தப் பதிலின் ருசி தெரியும்.

அனுமதி விதிகளுக்கான காஸ்ல் லைப்ரரியைக் கொண்டாடும் நண்பர்களிடம் எனக்குப் பெரிய விரோதம் இல்லை. விதிகளைப் பிரவுசருக்கே அனுப்பி அங்கேயே முடிவு பார்ப்பது, 'தன் பதிவைத் தான் திருத்தலாம்' வரைக்கும் அருமையாக ஓடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், குழுவுக்குள் குழு என்று போகும்போதுதான் மூச்சு வாங்கும். அந்த உறவு வலை முழுவதையும் பிரவுசருக்கு அனுப்பவா முடியும்?

கூகுளின் அனுமதி அமைப்பான ஸான்சிபார் பற்றி 2019இல் வந்த ஆய்வுக் கட்டுரையைப் பற்றிப் பேசுகிறவர்களும் எண்களில்தான் சொக்கிப்போகிறார்கள். 2 லட்சம் கோடிக்கு மேல் உறவுப் பதிவுகள், நொடிக்கு 1 கோடிக்கு மேல் கேள்விகள். எனக்கு அதில் பிடித்தது ஜூக்கி. ஒருவரை ஃபோல்டரிலிருந்து நீக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு ரகசிய ஃபைலை அதில் போடுகிறோம். நீக்குவதற்கு முந்தைய அனுமதியை வைத்துச் சரிபார்த்தால் அவர் புது ஃபைலையும் படித்துவிடுவார். அப்படி நடக்காமல், இந்த நேரத்துக்கு முந்தைய அனுமதி செல்லாது என்று அந்த உள்ளடக்கத்தோடேயே வைத்திருக்கும் முத்திரை அது. ஸான்சிபார் வழியில் வந்த ஸ்பைஸ்டிபியில் இதே சரக்கு ஸெட்டோக்கன். பின்னால் இவ்வளவு அக்கறை எடுத்திருக்க, முன்னால் நம் ஆட்கள் காலையில் லாகின் ஆனபோது வந்த அனுமதிப் பட்டியலை லோக்கல் ஸ்டோரேஜில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை அதையே பார்த்துத் திரை வரைகிறார்கள். சர்வர் எப்படியும் தடுத்துவிடும், வாஸ்தவம். ஆனால் வேலை செய்யாத பட்டனை அழுத்தி அழுத்திப் பார்ப்பது யார்?

சர்வரே பக்கத்தைக் கட்டி அனுப்பிய பிஎச்பி காலத்தில் ஓர் அசிங்கம் கிடையாது. பட்டன் வந்தால் வந்ததுதான். இப்போது பக்கம் முதலில் வருகிறது, அனுமதி ஆடி அசைந்து பின்னால் வருகிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 'டெலீட்' பட்டன் அரை நொடி மின்னி மறையும். கேட்டால், அழுத்துவதற்குள் போய்விடும் என்றார்கள். இன்னொரு திரையில் நூறு வரிகளுக்கு நூறு தனிக் கேள்விகள் சர்வருக்குப் பறந்தன. அதே வழியில் வந்த ஓப்பன்எஃப்ஜிஏவில், பல அனுமதிகளை ஒரே கேள்வியில் சரிபார்க்கும் பேட்ச்செக் எதற்கு வைத்திருக்கிறார்கள்? இதெல்லாம் போக, 'ரோல் அட்மினா' என்ற ஒற்றை வரியை ஐம்பது காம்பொனென்ட்டில் ஒட்டிவிட்டு அதற்கு ஆர்க்கிடெக்சர் என்று பெயர் வைக்கிறார்கள்.

உரிமை இல்லாதவர் தனிப்பட்ட ரெப்போவைத் தட்டினால் கிட்ஹப் 404 காட்டும். கூகுள் டாக்ஸோ 'அனுமதி கேளுங்கள்' என்று உபசரிக்கும். டாக்ஸ்தான் மரியாதை என்பார் நண்பர் ஒருவர். இரண்டும் அதனதன் இடத்தில் சரிதான். டாக்ஸ் முகவரி ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக்கோவை, லிங்க் கையில் இருந்தாலே யாரோ கொடுத்ததாகத்தான் இருக்கும். ரெப்போ பெயரை யாரும் ஊகித்துப் பார்க்கலாம், 'அனுமதி இல்லை' என்னும் 403 சொன்னாலே அப்படியொரு ப்ராஜெக்ட் இருப்பது வெளியே தெரிந்துவிடும். 1, 2, 3 என்று ஐடி ஓடும் இன்வாய்ஸ் ஆப்பில் டாக்ஸைக் காப்பியடித்து 'அனுமதி கேளுங்கள்' வைக்கிறவர்களோடுதான் என் சண்டையெல்லாம்.